துரைக்கண்ணு ஸ்டோர்ஸின் ஆறு மேற்பார்வையாளர்கள்

கலைமதிக்கு இது பன்னிரண்டாவது நேர்முகத் தேர்வு. முந்தைய பதினொன்றில் பெரும்பாலும் அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான். "உங்களைப் பத்தி சொல்லுங்க."

கேட்டவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்கவில்லை, பேச்சை ஆரம்பிக்கத்தான் கேட்டார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேள்வி காதில் விழுந்தவுடன் அவள் நிஜமாகவே யோசிக்கத் தொடங்கிவிடுவாள். தன்னைப் பற்றி என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, சொன்னால் அது உண்மையாக இருக்குமா என்று உள்ளே இறங்கிப் போய்க்கொண்டே இருப்பாள். திண்டிவனத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் அவள் யோசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது, கேள்வி கேட்டவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரையும் திருப்பிக் கொடுத்திருந்தார்.

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் பேச்சே வேண்டாம் என்று ஒரு போன் கவரைக் கையில் கொடுத்து, "இதை என்கிட்ட வித்துக் காட்டுங்க" என்றார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல கீறல் இருக்குது சார்" என்றாள். ஒரு நர்சரிப் பள்ளியில் ஆடிக்கொண்டே பாடச் சொன்னார்கள். பாடினாள். ஆடவில்லை.

எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "சொல்லி அனுப்புறோம்." யாரும் இதுவரை எதையும் சொல்லி அனுப்பவில்லை. இத்தனை பேருக்குச் சொல்லி அனுப்ப ஒரு ஆள் தேவைப்படுமே, அந்த வேலைக்காவது தன்னை எடுத்திருக்கலாம் என்று பஸ்ஸில் தன் ஊரான பனமலைக்குத் திரும்பும்போது அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்தப் பன்னிரண்டாவது தவறினால் பதிமூன்றாவது கிடையாது. அவளுடைய நைனா ராமகிருஷ்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை நிறுத்தத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன் வரும். பெட்டியோடு ஏற வேண்டியதுதான். செல்போனுக்குச் சின்னச் சின்ன பாகம் செய்கிற கம்பெனி. ஒரு அறைக்கு எட்டுப் பேர், வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். சித்தி மகள் சுமலதா அங்கேதான் இருக்கிறாள்.

"வந்துடுடி. இங்க யாரும் பேசவே மாட்டாங்க. உனக்குன்னே கட்டின எடம்" என்று போனில் சிரித்தாள்.

கலைமதிக்குச் சுருக்கென்றது. பேசாமல் இருப்பது அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். யாரோ இயந்திரத்தை ஓடவிட்டு அதைக் கட்டாயமாக்குவது வேறு. தவிர, குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செஞ்சி நூலகத்தில் ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு நாற்காலி மாதிரியே ஆகியிருந்தது. மாதம் பாதி இரவு ஷிப்டு பார்க்கிற கண்ணுக்கு எந்தப் புத்தகமும் எடுபடாது.

அதனால்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீசைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திருவண்ணாமலை சாலையில் புதிதாகத் திறக்கப்போகும் வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம். விற்பனைப் பிரிவு, இரண்டு பணியிடங்கள். 'குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே 'புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று இன்னொரு வரி. இரண்டு வரிகளையும் ஒரே ஆள்தான் எழுதினாரா என்று அவள் வெகுநேரம் யோசித்தாள்.

அந்த முதல் வரிக்கு வழி தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடை இளையபெருமாளிடம் இருந்தது. மனு, உறுதிமொழி, வாடகைப் பத்திரம் எதுவானாலும் அவரிடம் ஒரு மாதிரி இருக்கும். பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். மார்க் ஷீட்டைப் பிரதி எடுக்க நின்றவளிடம் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"அனுபவ லெட்டர் இருக்குதா?"

"வேலையே கெடைக்கலண்ணே. அனுபவம் எங்க இருந்து வரும்?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. பேர் சொல்லு."

இரண்டு நிமிடத்தில் ஒரு தாள் வந்தது. மேலே பச்சை எழுத்தில் 'துரைக்கண்ணு ஸ்டோர்ஸ், செஞ்சி'. கீழே, 'செல்வி ரா. கலைமதி எங்கள் நிறுவனத்தில் 01.06.2022 முதல் 31.05.2024 வரை மேற்பார்வையாளராகத் திறம்படப் பணியாற்றினார். நடத்தை நன்று.' ஒரு சீல். சீலின் மேல் ஏதோ ஒரு கிறுக்கல்.

"இது எந்த கடைண்ணே?"

"இருந்த கடைதான். லெட்டர்பேடு அடிக்கக் குடுத்தாரு, மிச்சத்த வாங்காமயே போயிட்டாரு. நல்ல பேப்பரு, வீணாவுதில்ல? எடுத்துனு போ. இன்டர்வியூல பேசு. மூஞ்சியப் பாத்துனு நிக்காத."

வியாழக்கிழமை பத்தரைக்கு ஷோரூமின் வெளி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவதாக, பெஞ்சின் மறுகோடியில், அரைக்கைச் சட்டையும் வேட்டியுமாக ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்காரர் ஒருவர் மடியில் மஞ்சள் பையோடு இருந்தார். யாரோ பெண்ணைக் கூட்டிவந்த அப்பா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கலைமதிக்குப் பக்கத்தில் எழிலரசன். சீயமங்கலத்துப் பையன். வாய் ஓயாது. அவன் தன் பைலைத் திறந்து காற்றுக்கு விசிறிக்கொண்டபோது பச்சை எழுத்து தெரிந்தது. கலைமதி அதைப் பார்த்தாள். பிறகு தன் பைலைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். எழிலரசன் விசிறுவதை நிறுத்தினான்.

"நீங்களுமா?"

அவள் தலையாட்டினாள்.

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு ஜூன்."

"அட, நானும் அதே ஜூன்தாங்க! ஒரே நாள்ல சேந்திருக்கோம், ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல."

அவனுக்கு அடுத்து இருந்த அன்புக்கரசி எட்டிப் பார்த்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடமும் அதேதான். பெஞ்சு முழுக்கப் பைல்கள் திறந்தன. ஆறு பேரும் துரைக்கண்ணு ஸ்டோர்ஸ். ஆறு பேரும் மேற்பார்வையாளர். ஆறு பேருடைய நடத்தையும் நன்று.

"இளையபெருமாளு பேரை மட்டும் மாத்தினான், வேற எதையும் மாத்தலயா?" என்று அன்புக்கரசி பல்லைக் கடித்தாள். "இப்ப உள்ள கேப்பாங்களே, இன்னா பண்றது?"

"டென்ஷன் ஆவாதீங்க" என்றான் எழிலரசன். "பெரிய கடைன்னு சொல்லிடலாம். ஆளுக்கு ஒரு மாடி பிரிச்சிக்குவோம். நான் மொத மாடி, மிக்ஸி, கிரைண்டர். நீங்க ரெண்டாவது மாடி, பாத்திரம்."

"எனக்குப் பாத்திரம் வேணாம். கேட்டா ஒண்ணும் தெரியாது. பிளாஸ்டிக் குடுங்க."

"சரி, பிளாஸ்டிக். இவங்க?"

எல்லோரும் கலைமதியைப் பார்த்தார்கள். அவள் தன் பைலை மூடினாள். பிறகு, "மாடின்னா படி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"ஒருத்தர் இடது பக்கம்னு சொல்லி இன்னொருத்தர் வலது பக்கம்னு சொன்னா மாட்டிக்குவோம். படி வலது பக்கம். பில் போடற மேசை வாசல்கிட்ட. ஞாயித்துக்கெழம மத்யானம் லீவு. இதை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். மத்ததைக் கேட்டா நம்ம மாடி இல்லன்னு சொல்லிடலாம்."

எழிலரசன் அவளை மரியாதையோடு பார்த்தான். "ஏங்க, நீங்க நெஜமாவே மேற்பார்வையாளர்தாங்க."

அடுத்த கால் மணி நேரத்தில் துரைக்கண்ணு ஸ்டோர்ஸுக்கு இரண்டு மாடி, ஒரு குடோன், தண்ணீர் கேன், தீபாவளிக்கு ஆளுக்கொரு டிபன் கேரியர் எல்லாம் வந்துவிட்டன. கலைமதிக்கே வியப்பாக இருந்தது. தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வராத பேச்சு, இல்லாத ஒரு கடையைப் பற்றி மடைதிறந்த மாதிரி வந்துகொண்டிருந்தது.

"சரி, ஏன் வேலைய வுட்டீங்கன்னு கேட்டா?" என்றாள் அன்புக்கரசி.

"ஓனர் செத்துட்டாருன்னு சொல்லிடலாம்" என்றான் எழிலரசன். "மாரடைப்பு. ஆறு பேரும் ஒரே நேரத்துல நின்னதுக்கு வேற காரணமே கெடையாது."

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"தம்பி, மாடி கட்டினீங்க, சும்மா இருந்தேன். குடோன் கட்டினீங்க, சந்தோசமாக்கூட இருந்துச்சி. சாவடிக்கறதுதான் கொஞ்சம் அதிகமா இருக்குது."

ஆறு தலைகளும் திரும்பின.

"நான்தான் துரைக்கண்ணு."

சாலையில் ஒரு சுற்றுலா பஸ் நின்று, "கோட்டைக்கு எப்படிங்க போகணும்?" என்று டிரைவர் கேட்டார். எதிரே மலையும் மதிலும் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. யாரும் பதில் சொல்லாததால் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டு போய்விட்டார்.

"ஐயா..." என்று எழிலரசன் எழுந்து நின்றான்.

"ஒக்காருப்பா. கடை எட்டடி அகலம். பக்கெட்டு, தொடப்பம், கொசுவலை. நான் ஒருத்தன்தான். லெட்டர்பேடு ஆயிரத்துக்குக் கொறஞ்சி அடிக்க மாட்டேன்னான் அந்த இளையபெருமாளு. ஒரு பத்துத் தாள்தான் எடுத்திருப்பேன். கொரோனாவுக்கு அடுத்த வருசமே இழுத்து மூடிட்டேன். நான் மூடின கடையில நீங்க ரெண்டு வருசம் வேலை பாத்திருக்கீங்க."

"நீங்க இங்க எதுக்குங்க ஐயா?" என்று கலைமதி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தாம்மா." மஞ்சள் பையைத் தடவிக்கொண்டார். "இருபத்தாறு வருசம் யாவாரம் பண்ணியிருக்கேன். ஆனா அனுபவ லெட்டர் இல்ல. காலையில வந்து கேட்டேன். லெட்டர் இல்லன்னா கஷ்டம், கடைசியா கூப்பிடறேன், ஒக்காருங்கன்னாரு உள்ள இருக்கற தம்பி."

அப்போது உள்ளேயிருந்து எழிலரசனை அழைத்தார்கள்.

அவன் ஏழு நிமிடத்தில் வெளியே வந்தான். முகம் சுண்டியிருந்தது. "படி வலது பக்கம்னு கரெக்டா சொல்லிட்டேன். எத்தன மாடின்னாரு. ஒரு ஆவேசத்துல மூணுன்னுட்டேன்."

அடுத்துப் போன அன்புக்கரசி இரண்டு என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு அடுத்தவன் பயத்தில் மாடியே இல்லை என்றான். அதற்குப் பிறகு போன இருவரும் என்ன சொன்னார்கள் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. எல்லோருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான். சொல்லி அனுப்புகிறோம்.

கலைமதியின் முறை வந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. ஒரு டேபிள் பேன் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தவர் பெயர் பிரசாந்த். முப்பது வயதுகூட இருக்காது. அவர் முன்னால் ஐந்து பச்சைத் தாள்கள் வரிசையாக இருந்தன. பேன் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஐந்தும் ஒன்றாகத் தலைதூக்கி, ஒன்றாகப் படுத்தன. அவளுடைய தாளையும் வாங்கி ஆறாவதாக வைத்தார். மிக்ஸி மூடி ஒன்றை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார்.

"ஆறு பேரும் மேற்பார்வையாளர்" என்றார். "யாரைங்க மேற்பார்வை பாத்தீங்க?"

அவள் மிக்ஸி மூடியைப் பார்த்தாள்.

"உங்க காலேஜ்ல குடுத்த சர்டிபிகேட்ல அதே ரெண்டு வருசம் கிளாஸ்ல இருந்திருக்கீங்க. வருகை தொண்ணூத்தாறு சதவீதம். பாக்கி நாலு சதவீதத்துலயா மேற்பார்வை?"

பேன் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது.

"சரி, அதை வுடுங்க. உங்களைப் பத்தி சொல்லுங்க."

கலைமதி வழக்கம்போல உள்ளே இறங்கினாள். ஆனால் இந்த முறை உள்ளே இருட்டாக இல்லை. திங்கட்கிழமை வேன் அங்கே நின்றது. வலது பக்கம் படி வைத்த கடை ஒன்று நின்றது. அதன் வாசலில், கடைசியாகக் கூப்பிடுவார்கள் என்று மஞ்சள் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிரசாந்த் பேனாவைத் தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, அவரும் பேசாமல் காத்திருந்தார்.

"சார், இந்த லெட்டர எடுத்துடுங்க" என்றாள் அவள். "எனக்கு அனுபவம் கெடையாது. அந்தக் கடையில நாங்க யாரும் வேலை செய்யல. செஞ்சவரு ஒருத்தர்தான். அவரு வெளியில ஒக்காந்திருக்காரு. அவருகிட்ட லெட்டர் இல்ல."

அவள் வாழ்க்கையில் ஒரு நேர்முகத் தேர்வில் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

பிரசாந்த் துரைக்கண்ணுவை உள்ளே அழைத்தார். ஆறு தாள்களையும் காட்டினார். "ஐயா, இந்தப் பொண்ணு உங்க கடையில வேலை பாத்தாங்களா?"

துரைக்கண்ணு கண்ணாடியை ஏற்றி இறக்கித் தாளைப் படித்தார். கலைமதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல போட்டிருக்கற தேதியில இல்ல சார். இன்னிக்குப் பத்தரையில இருந்து பாக்கறாங்க. நான் இருபத்தாறு வருசமா கட்டாத மாடிய கால் மணி நேரத்துல கட்டிட்டாங்க. படி எந்தப் பக்கம்னு கேட்டாங்க பாருங்க, யாவாரம் பண்றவனுக்குத்தான் அது தோணும்."

பிரசாந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்தபின் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். "எனக்குத் திண்டிவனம்ங்க. எங்க ஊர்ல துரைக்கண்ணு ஸ்டோர்ஸ் கெடையாது. குஞ்சம்மாள் ஏஜென்சிஸ். மூணு வருச அனுபவம். எங்க இருந்துச்சின்னு இன்னும் எனக்குத் தெரியாது."

மூன்று பேரும் சற்று நேரம் பேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எடுத்துக்கலாம்" என்றார் பிரசாந்த், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி. "ரெண்டு பேரையும். ஆனா இது எடுத்துக்காது. புதியவர்னு போட்டாலும் அனுபவ லெட்டர் கேக்குது. அதை ஏத்தினாத்தான் கீழ இருக்கற பட்டன் பச்சையாவும். இப்ப பாருங்க, சாம்பலாவே நிக்குது. உங்களுக்கும் அப்படித்தாங்க ஐயா. மேலதிகாரி கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்."

"எனக்கு மேல தகர ஷீட்டுதான் சார் இருந்துச்சி."

பிரசாந்த் உதட்டைப் பிதுக்கினார். கலைமதிக்கு ஸ்ரீபெரும்புதூர் வேனின் ஹாரன் காதில் கேட்டது.

துரைக்கண்ணு மஞ்சள் பைக்குள் கைவிட்டு எதையோ துழாவினார். மடிந்து, ஓரம் பழுப்பேறிய இரண்டு தாள்களை எடுத்தார். பச்சை எழுத்து. அவர் எடுத்த பத்துத் தாளில் மிச்சம்.

"யம்மா, உன் பேரு இன்னா?"

"கலைமதி."

"கலைமதி, துரைக்கண்ணு ஸ்டோர்ஸுக்கு உன்னை வேலைக்கு எடுத்துக்கறேன். மேற்பார்வையாளர். இன்னிக்குப் பத்தரையில இருந்து. சம்மதமா?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியே?"

"எதுக்குக் கேக்கணும்? ரெண்டு மணி நேரமா பாத்துனுதான இருக்கறேன்."

பன்னிரண்டு நேர்முகத் தேர்வுகளில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். மூடிப்போன கடையில், ஓனரைத் தவிர ஆளில்லாத கடையில். ஆனாலும் "சம்மதம்" என்றாள், யோசிக்காமல்.

துரைக்கண்ணு எழுதினார். 'கலைமதி இன்று காலை 10.30 முதல் 12.30 வரை எங்கள் நிறுவனத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். நடத்தை நன்று. நேர்மை மிக நன்று.' கீழே கையெழுத்துப் போட்டார். இளையபெருமாளின் கிறுக்கலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது தாளில், மேலதிகாரியாக, மேற்பார்வையாளர் கலைமதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'திரு. துரைக்கண்ணு இந்நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தனியாகப் பணியாற்றினார். எட்டடி அகலத்தில் எல்லாப் பொருளும் வைத்திருந்தார். உயிரோடு இருக்கிறார்.'

"கடைசி வரி வேணுமா?" என்றார் பிரசாந்த்.

"வேணும் சார். வெளியில சில பேருக்குச் சந்தேகம் இருக்குது."

"ரெண்டு மணி நேர அனுபவம் போதுமாங்க சார்?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"அது படிக்காதுங்க ஐயா. தாள் இருக்குதான்னு மட்டும்தான் பாக்கும்."

தாள்களைப் படம் பிடித்து ஏற்றினார். மூவரும் திரையைப் பார்த்தார்கள். பட்டன் பச்சையானது.

"அப்ப..." என்று கலைமதி இழுத்தாள்.

"ஹெட் ஆபீஸ்ல பாத்துட்டு," பிரசாந்த் தயங்கினார். அவருக்கும் வேறு வார்த்தை தெரியவில்லை. "சொல்லி அனுப்புறோம்."

சனிக்கிழமை முழுக்க போன் ஒலிக்கவில்லை. அம்மா சாமுண்டீஸ்வரி பெட்டியில் துணியை மடித்து வைக்க, கலைமதி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. முதன்முதலாக ஒருவர் நிஜமாகவே சொல்லி அனுப்பியிருந்தார். மேற்பார்வையாளர் எல்லாம் இல்லை. பயிற்சி விற்பனையாளர். அதுவே போதும்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. கலைமதி போய்க் கையசைத்து, "வரலண்ணே, செஞ்சியிலயே வேலை கெடச்சிடுச்சி" என்றாள். டிரைவர் கேட்காமலேயே இரண்டாவது தடவையும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மேல்தளம் திறப்பதற்காக இன்னும் நான்கு பேர் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே இரண்டு வரிகள். வராந்தா பெஞ்சு மறுபடியும் நிறைந்தது. கலைமதி கதவருகே நின்று எல்லோருடைய பைல்களையும் வாங்கிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு நீலச் சீருடையில், வாசலோரம் பக்கெட்டுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். சீருடை அவருக்கு ஒரு சுற்றுப் பெரியது.

முதல் பைலைத் திறந்தவுடன் பச்சை எழுத்து. இளையபெருமாள் எதையோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் என்பதை மாற்றிவிட்டார். இப்போது எல்லோரும் மேலாளர்.

பெஞ்சின் நடுவில் எழிலரசன் உட்கார்ந்து, புதிதாக வந்த நான்கைந்து பேருக்கு அடங்கிய குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"கேட்டுக்கோங்க. மூணு மாடி. படி வலது பக்கம். ஞாயித்துக்கெழம மத்யானம் லீவு. ஓனர் நல்லா இருக்காரு, அவரைப் பத்தி யாரும் தப்பா பேசக்கூடாது."

"மூணு மாடின்னா லிப்டு இருந்துச்சாண்ணா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எழிலரசன் திகைத்துக் கலைமதியைப் பார்த்தான். கலைமதி பைலை மூடிவிட்டுத் துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார். வெகுநேரம் யோசித்தார்.

"இருந்துச்சிம்மா" என்றார். "கரண்டுதான் அடிக்கடி போயிடும்."